அம்மா சொல்லியிருக்க வேண்டிய குகை

கண்ணுகளா, அந்தமானில் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. வேகாத வெயிலில், மடியில் நீல ஸ்வெட்டரோடு உங்கள் அம்மா அதன்மேல் உட்கார்ந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

போர்ட்பிளேரில் கொத்து வேலை பார்க்கும் உங்கள் மாமா டிக்கெட் எடுத்து அனுப்பினார். உங்களுக்குப் பரீட்சை, பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். நம் மலைக்காரர்கள் எங்கே போனாலும் ஸ்வெட்டர் இல்லாமல் கிளம்புவோமா? "குகைன்னா குளுருமுங்க" என்று எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தாள். படகோட்டித் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, குகைக்குள்ள ஐஸ் மழையா பெய்யுது?" என்றான். "பெஞ்சா எங்கிட்டத்தான் வந்து கேப்ப. அப்ப தரமாட்டேன், போ" என்றாள். சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

படகை விட்டு இறங்கி நடந்ததும் அவளுக்கு இளைப்பு கூடியது. குகை வாய் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அவளால் முடியவில்லை. திரும்பிவிடலாம் என்றேன். "ஏனுங்க, இத்தன தூரம் வந்துபோட்டு ரெண்டு பேரும் பாக்காம போறதா? நீங்க போய்ப் பாத்துப்போட்டு வாங்க. ஒண்ணு விடாம பாக்கோணும். பசங்களுக்கு நான்தான் சொல்லுவேன்" என்றாள்.

அவளுக்காகத்தான் பார்த்தேன். திரும்பியதும், "உள்ள குளுருதுங்களா?" என்று கேட்டாள். "நம்ம டீ ஃபேக்டரில எல காய வெக்கற டிரையர் பக்கத்துல நின்னாப்பல புழுங்குது" என்றேன். ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டே இருவரும் சிரித்தோம்.

ஊர் திரும்பியவள் வீடு வந்து சேரவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போதே மூச்சு முட்டி, நேராகக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். உங்களை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டினீர்கள். நான் போய் உட்கார்ந்ததும், "குகையச் சொல்லுங்க" என்பாள். வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்வதற்காக மனதில் பதித்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கல்ல நேத்து யானக் காதுன்னீங்க, இன்னிக்கு முறம்ங்கறீங்க. எதுங்க சொல்லட்டும் பசங்ககிட்ட?" என்று திருத்தவும் செய்வாள். கடைசி மத்தியானம், பாதை குறுகி உடம்பை ஒருக்களித்து நுழையும் இடம் வரைக்கும் சொன்னேன். "ம்" என்ற சத்தம் நின்றது. தூங்குகிறாள் என்று நானும் நிறுத்திக்கொண்டேன். நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இதையெல்லாம் நீங்கள் அவள் வாயால் கேட்டிருக்க வேண்டும். அவள் சொல்வது போல எனக்கு வராது. ஆனாலும் மீதியைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குறுகலைத் தாண்டினால் இடம் கொஞ்சம் விரியும். மேலிருந்து ஒரு கல்லும் கீழிருந்து ஒரு கல்லும் ஒன்றையொன்று தொடுவதற்கு வளர்கின்றன. நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. மேல் கல்லின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு நின்றது. இதோ விழுகிறது, இதோ விழுகிறது என்று எல்லோரும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே அவள் தனியாக இருக்கிறாளே என்று, அது விழுவதற்குள் நான் திரும்பிவிட்டேன்.