எலுமிச்சம்பழத்தில் ஏறிய ரோட்டரி

ரோட்டரி என்ஜினைத் தோற்றுப்போன என்ஜின் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். அது தோற்கவில்லை. எண்பதுகளின் முடிவிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் பிரிட்டனில் ஒரு சின்னக் கம்பெனி அதை ரேஸ் பைக்கில் வைத்து ஓட்டி, பெரிய பெரிய ஜப்பான் கம்பெனிகளை ஜெயித்தது. அதற்குப் பிறகுதான் இல்லாமல் போனது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் என் நண்பன். அமெரிக்காவில் சான் ஹோசேயில் இருவருக்கும் ஒரே ஆபீஸ். அவன் கோயம்புத்தூர், நான் ஆம்பூர். எழுபதுகளில் ஜப்பானில் செய்த ரோட்டரி பைக் ஒன்றை உதிரியாக வாங்கிவந்து என் கராஜில் கொட்டினான். வார இறுதிகளில் இருவரும் சேர்த்துப் பூட்டினோம். பழைய பைக்குகளுக்கென்று நடக்கும் கிளப் ரேஸில் அதை ஒருமுறை ஓட்ட வேண்டும். அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

2002இல் அவனுக்கு வேலை போனது. வேலை போனால் விசாவும் போச்சு. ஊர் திரும்ப வியாழக்கிழமைக்கு டிக்கெட். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரேஸ். விட்டால் வேறு நாள் இல்லை.

இந்த என்ஜினில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. இடுப்பு ஒடுங்கிய ஒரு கூட்டுக்குள் முக்கோணம் ஒன்று சுற்றுகிறது. அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டைகள். அவை கூட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு அழுத்தத்தைப் பிடித்துவைக்கும். சின்ன என்ஜின், சக்தி அதிகம். அதுதான் வினையே. இதை எத்தனை சிசி என்று எண்ணுவது என்று ரேஸ்காரர்கள் சண்டை போட்டார்கள். இரண்டால் பெருக்கு என்று தோற்றவன் சொன்னான். பெருக்கினால் இரண்டு மடங்கு பெரிய பைக்குகளோடு போய் நிற்க வேண்டும். சரி, என்ஜினும் உத்தமன் இல்லை. ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும், பட்டை தேயும், பெட்ரோலையும் ஆயிலையும் குடிக்கும், புகை விடும். இதையெல்லாம் சரிசெய்யப் பணம் வேண்டும். பணம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பிஸ்டன்காரர்கள். இந்தப் பக்கம் பணமும் இல்லை, போட்டியில் நிற்க ஒரு வகுப்பும் இல்லை. முடிந்தது கதை.

இன்னொரு குறையும் உண்டு. ஸ்டார்ட் செய்தால் சூடாகும்வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் எரியாத பெட்ரோல் உள்ளே தேங்கி, சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். பட்டை பிடிக்காது. பிறகு எத்தனை தரம் சுற்றினாலும் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது.

விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வாடகை பிக்கப்பில் பைக்கை ஏற்றினேன். லிவர்மோர் கோயிலில் பூஜை போட்டுவிட்டுத்தான் ரேஸுக்குப் போக வேண்டும் என்று அவன் மனைவி சொல்லிவிட்டாள்.

"அண்ணா, பத்தே நிமிஷம். இவரு பறக்கப்போற ஸ்பீடுக்கு பூஜை போடலன்னா எனக்கு தூக்கம் வராது."

"போடும்மா. ஆனா என்ஜினைத் தொடக் கூடாது. தள்ளிக்கிட்டுப் போகட்டும்."

கோயில் பார்க்கிங்கில் புதுக் கார்களின் வரிசையில் பைக்கை இறக்கினோம். நான் பிக்கப் அருகிலேயே நின்றுவிட்டேன். குருக்கள் பொட்டு வைத்து, மாலை போட்டு, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணிட்டு மெதுவா முன்னாடி வாங்கோ."

இவன் என்னைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பட்டனை அழுத்தினான். பழம் இரண்டும் நசுங்கின.

"போறும், ஆஃப் பண்ணிடுங்கோ. அடுத்த வண்டி நிக்கறது."

நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் நிறுத்திவிட்டான்.

"ஏன்டா ஸ்டார்ட் பண்ண?"

"சாமி முன்னாடி முடியாதுன்னு எப்படி சொல்றது பாய்?"

அவர் எல்லா வண்டிக்கும் சொல்வதைத்தான் சொன்னார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மறுபடி பட்டனை அழுத்தினோம். சுற்றியது, பிடிக்கவில்லை. ஓரமாகத் தள்ளிப்போய் ப்ளக்கைக் கழற்றினேன். பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து, உள்ளே கொஞ்சம் ஆயில் ஊற்றி, சுற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றி. பேட்டரி செத்தது. பக்கத்தில் வேன் நிறுத்தியிருந்த அங்கிள் ஒருவரிடம் கேபிள் போட்டு கரன்ட் எடுத்தோம்.

"என்னையும் ஆபீஸ்ல இப்படித்தான் பாய் பண்ணாங்க. ஒரு அடி ஓட்டிட்டு ஆஃப்."

"டயலாக் விடாத. துணியைக் குடு."

காலையிலேயே பைக்கைச் சோதனைக்குக் காட்டியவர்களைத்தான் ரேஸில் விடுவார்கள். வெயில் உச்சிக்கு வந்தபோது அவன் வாட்சைப் பார்ப்பதை விட்டுவிட்டான். மனைவி எலுமிச்சைத் தோலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் பிடித்தது. பார்க்கிங் முழுக்க நீலப் புகை. அங்கிள் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இவ்ளோ புகை வந்தா எவன் தம்பி இதை ஓட்ட விடுவான்?"

"அதான் அங்கிள், எவனும் விடல."

இப்போதாவது வெளியே ரோட்டில் ஒரு சுற்று ஓட்டுடா என்றேன். அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். ரோட்டில் ஓட்டவா இரண்டு வருஷம் கராஜில் கிடந்தான்? ஆனால் என்ஜினை நிறுத்தவும் இல்லை. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, ஹாண்டிலில் இருந்த மாலையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, டெம்பரேச்சர் முள்ளையே பார்த்தபடி நின்றான்.

"ஏங்க, போதும், வாங்க. சாப்பிடலாம்."

"இரு. முள்ளு ஏறட்டும்."

மெதுவாக ஏறியது. நடுவுக்கு வந்த பிறகு அவனே நிறுத்தினான். நாங்கள் பைக்கை பிக்கப்பில் ஏற்றினோம். சாவியை என் சட்டைப்பையில் போட்டான்.

"மாசம் ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணுங்க பாய். அவசரப்பட்டு ஆஃப் பண்ணிடாதீங்க."

இதை எழுதும் 2009 வரைக்கும் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் புகை என்று புகார் சொல்கிறான். சொல்லிக்கொள்ளட்டும். முள் நடுவுக்கு வரும்வரை கராஜ் வாசலில் நிற்கிறேன்.