நண்டு எறிந்த மணலும் ஒரு கூறைச் சட்டையும்

போன தை மாதம், கொழும்பு வெள்ளவத்தையில் நடந்தது இது. காலி வீதி என்னும் பெருந்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சாரிச் சட்டை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பதினொரு வருடமாகிறது. அளவெடுப்பதிலும் வெட்டுவதிலும் என் கைக்கு இந்தப் பக்கத்தில் நல்ல பெயர். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, உழைத்து எடுத்த பெயர்.

ஆனால் டிசைன் விஷயத்தில் நான் சோம்பேறி. போனைத் தட்டினால் ஆயிரம் முதுகு டிசைன் வரும். அதில் ஒன்றை மெல்லிய தாளில் வரைந்து, ஊசியால் துளை போட்டு, துணியில் அச்சுப் பதித்து, அதன்மேல் மணி தைத்துக் கொடுத்துவிடுவோம். அநேகமான கடைகளில் இதுதான் நடைமுறை. வந்தவர்களும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த மாதம் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பெண்கள். மூன்று முதுகிலும் ஒரே மயில். இரண்டு மயில் என் கடையில் பிறந்தவை, மூன்றாவது யாரோ தைத்தது. பின்னால் நின்ற ஒருவர், "யூனிஃபோம் மாதிரியெல்லோ கிடக்கு" என்று சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. சோறு இறங்கவில்லை.

அதே மண்டபத்தில் இன்னொரு பெண்ணும் இதைப் பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பத்து நாளில் கல்யாணம். அவளுடைய கூறைச் சட்டைக்கும் அந்த மயிலைத்தான் நான் பேசி வைத்திருந்தேன். கூறை என்ற தாலிகட்டுச் சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. அதிலிருந்து சட்டைத் துணியை மட்டும் முன்கூட்டியே வெட்டித் தருவார்கள். அது பிழையாகிப் போனால் வேறு துணி கிடையாது. தாலி கட்டி அக்கினியைச் சுற்றி வரும்போது சபையின் கண்ணெல்லாம் அந்த முதுகில்தான் இருக்கும். அடுத்த நாள் காலையிலேயே போன் வந்தது.

"அன்ரி, எனக்கு அந்த மயில் வேண்டாம். ஒருத்தரும் போடாத ஒண்டு செய்து தருவீங்களெண்டாத் தாங்கோ. இல்லாட்டித் துணியைத் திருப்பித் தந்திடுங்கோ, வேற இடம் பாக்கிறம்."

மரியாதையாகத்தான் சொன்னாள், அதனால்தான் இன்னும் கூடுதலாகச் சுட்டது. கூறைச் சட்டைத் துணி ஒரு கடையிலிருந்து திரும்பிப் போனால், அந்தக் கதை பின்னேரத்துக்குள் வெள்ளவத்தை முழுக்கச் சுற்றி வந்துவிடும். பிறகு எந்தக் கல்யாணப் பெண் என் படியேறுவாள்? நாலு நாள் தவணை கேட்டேன்.

இரண்டு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் பட்டதெல்லாம் எங்கேயோ பார்த்ததாகவே இருந்தது. கழுத்து நொந்துபோய், தலையிடி வேறு. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள் விடிய என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "இப்பிடியே குந்திக்கொண்டிருந்தா உமக்கு ப்ரெஷர்தான் கூடும். ஒருக்கா வெளியில நடந்திட்டு வாரும்" என்றார். அவரோடு கோபித்துக்கொண்டுதான் இறங்கிப் போனேன்.

தண்டவாளத்தைக் கடந்து, கடற்கரையில் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தேன். செருப்பைப் பக்கத்தில் கழற்றி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் செருப்பின் மேல் மணல் விழுந்தது. தட்டி வைத்தேன், திரும்பவும் விழுந்தது. யாரடா என்று பார்த்தால், மணல் நிறத்தில் ஒரு சின்ன நண்டு. வளைக்குள்ளிருந்து ஒரு கை மணலை அணைத்துக்கொண்டு வரும், வீசும், ஓடி ஒளியும். வளையின் வாயில் மணல் உருண்டைகள் நெருக்கமாகக் குவிந்திருந்தன. தள்ளிப் போகப் போக அவை ஐதாகி, ஒரு பக்கமாக விசிறிபோல் விரிந்து, கடைசியில் ஒன்றிரண்டாக மணலோடு கலந்துவிட்டன.

படம் பிடிக்கப் போனை எடுப்பதற்குள் ஒரு அலை வந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனது. ஐயோ என்று வாய்விட்டே சொன்னேன். ஆனால் அந்த நண்டு கவலைப்படவில்லை. தண்ணீர் வடிந்ததும் வந்து திரும்பத் தோண்டியது. இந்த முறை விசிறி மற்றப் பக்கம் விழுந்தது. முதலாவதைப் போல இல்லை, ஆனால் அதே கை செய்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சிங்களவர் ஒருவர், என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். "கக்குளுவோ" என்று நண்டைச் சிங்களத்தில் சொன்னேன். நண்டு பார்க்க வந்த பெண்பிள்ளையைப் பரிதாபமாக ஒருமுறை பார்த்துவிட்டு அவர் தன் தூண்டிலுக்குத் திரும்பிவிட்டார். ஒரு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. கழுத்து நோவு எப்போது விட்டதென்றும் தெரியவில்லை.

கடையில் மணி தைக்கும் அக்கா மலையகத்துக்காரர். அந்த மணல் விசிறியை அச்சில்லாமல் மணியில் தைக்கப்போவதைச் சொன்னதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "கல்யாணப் பொண்ணு முதுகுல நண்டு வளையாங்க? அச்சுப் போடாம தச்சா கோணலாப் போயிருமே."

"போகட்டும். முதல்ல வெட்டுத்துணியில பாப்பம்" என்றேன்.

நாலு வெட்டுத்துணி வீணாய்ப் போயின. ஐந்தாவதில்தான் கை பிடிபட்டது. பிறகு கூறைத் துணியில் நானே ஊசி இறக்கினேன். முதுகில் ஒரு வட்டத் திறப்பு. அதன் விளிம்பில் பொன்மணிகள் நெருக்கமாக நின்றன, இடது தோளை நோக்கிப் போகப் போக ஐதாகின.

நாலாம் நாள் தாயும் மகளும் வந்தார்கள். தாய் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "இதென்ன, ஒரு பக்கம் நிறைஞ்சும் மற்றப் பக்கம் வெறுமையாயும் கிடக்கு? தைச்சு முடியேல்லையோ?"

பொய் சொல்லத் தோன்றவில்லை, நண்டின் கதையை அப்படியே சொன்னேன். தாயின் முகம் போன போக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. மகள் சட்டையை வாங்கி உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நெடுநேரம் திரும்பிப் பார்த்தாள்.

"இதே மாதிரி வேற ஆருக்கும் தைப்பீங்களோ அன்ரி?"

"தைக்க நினைச்சாலும் வராது பிள்ளை. எனக்கே திரும்ப வராது."

"அப்ப எனக்கு இதுதான்" என்றாள். தாய் பெருமூச்சு விட்டார், ஆனால் துணியைத் திருப்பிக் கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அதே சட்டை வேண்டுமென்று நிறையப் பேர் வந்தார்கள். அது கிடையாது, உங்களுக்கென்று ஒன்று செய்து தருகிறேன் என்று தலை நிமிர்ந்து சொல்லி அனுப்புகிறேன். பெரும்பாலானவர்கள் திரும்பி வருகிறார்கள். விடியற்காலை நடை இப்போது என் வேலையில் ஒரு பகுதி. என் கடையிலிருந்து கடலுக்கு ஏழு நிமிடம்தான். அந்த ஏழு நிமிடத்தை நடக்க எனக்கு இத்தனை வருடம் எடுத்தது என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.