தம்பி கொண்டுவரும் புதிர் அரிசி

அறுவடை முடிந்ததும் முதல் அரிசியை எனக்குத் தந்துவிட்டுத்தான் என் தம்பி தன் வீட்டில் உலை வைப்பான். புதிர் அரிசி என்போம். அவனுக்கு வவுணதீவில் வயல். நான் வாவியின் இந்தக் கரையில், அமிர்தகழியில், வலை வீசுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டவள். மோட்டார் சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவன் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே, "போடியார் வாறார், பாய விரிங்க!" என்று கத்துவேன். இருக்கிற துண்டு வயலுக்கு, பெரிய நிலக்காரருக்குரிய போடியார் பட்டம் கொஞ்சம் அதிகம்தான். அவன் கண்டுகொள்ள மாட்டான், கண்ணெல்லாம் என் அடுப்பில் இருக்கும்.

அப்போதெல்லாம் இவர் விடிய வந்தால் கூடையில் இறால் துள்ளும். தேங்காய்ப்பால் விட்டு ஆக்கி வைப்பேன். தம்பி தலையைக்கூட விடாமல் உறிஞ்சுவான். கை காயும் வரைக்கும் எழும்பாமல் இருந்து கதைப்பான். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்களுக்கு அன்றைக்கு வயிறும் ஒன்றுதான்.

இப்போது வலையில் மீனுக்குப் பதில் ஆற்றுவாழைக் களைதான் வருகிறது. வயல் வட்டைகளில் போடுகிற உரப் பசளையும் அடிக்கிற பூச்சி மருந்தும் மழையோடு வாய்க்கால் வழியாக வாவிக்குள் இறங்குகின்றன. தண்ணீர் பச்சையாகி நாறுகிறது. இவர் பாதி நாள் மேசன் வேலைக்குப் போகிறார். எனக்கோ தம்பி இறால் உறிஞ்சிய அந்த மத்தியானங்கள்தான் வேண்டும்.

இந்த முறை தம்பி மூட்டையை இறக்கியதும் வாயை அடக்க முடியவில்லை.

"மருந்தடிச்ச கையோட வரம்பு வக்கடையத் திறந்து தண்ணிய விடுறீங்களேடா. கொஞ்ச நாளைக்கு அந்தத் தண்ணிய வயலுக்குள்ளயே மறிச்சு வச்சா என்ன?"

"நான் ஒருத்தன் மறிச்சு என்னக்கா? வட்டை முழுக்க அடிக்கிறாங்க. அடிக்காட்டி பூச்சி திண்டு போயிரும்." பிறகு மூட்டையைத் தட்டினான். "இத பயப்பிடாம சமைங்க. மருந்து அடிக்காத மூலையில வெளஞ்சது. நம்மட ரெண்டு வீட்டுக்கும் எண்டு தனியா வச்சிரிக்கன்."

அப்படியென்றால் இவனுக்கு எல்லாம் தெரியும். என் பானைக்குள் விழுவதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறான். என் புருசனின் வலைக்கு வரும் மருந்துத் தண்ணீரைத் திறந்து விடுகிறான். கோபம்தான் வர வேண்டும். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பாசமுள்ளவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

உலை வைத்தேன். புதுச்சோறு வீடெல்லாம் மணத்தது. கறிக்கு ஒன்றுமில்லை. சந்திக் கடையில் டின் மீன் வாங்கி வந்து உடைத்து ஆக்கினேன். வாவிக்கரை வீட்டில், வலைக்காரன் பெண்சாதி, கூடப்பிறந்தவனுக்கு டின் மீன் போட்டேன்.

அவன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தான். வாவியைப் பார்த்தான்.

"நல்லாரிக்கு அக்கா," என்றான், தலை நிமிராமல்.

"அடுத்த போகம் அந்த மூலையக் கொஞ்சம் பெரிசாக்கி விதையன்டா," என்றேன்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.