ஆளில்லாத வீட்டுக்கு ஒரு டேப்ரிக்கார்டர்

என் மேசை இழுப்பறையில் ஒரு கேசட் இருக்கிறது. அதன் முதுகில் இருந்த இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளையும் நானே உடைத்தெடுத்தேன். அவை போய்விட்டால் மெஷினில் ரெக்கார்ட் பொத்தான் கீழே இறங்காது. உள்ளே இருப்பதன்மேல் இன்னொன்றைப் பதிய முடியாது. சாலைக் கடைத்தெருவில் ஒரு ரேடியோக் கடையில் வருஷக்கணக்காக நின்றவன் நான். இந்த வித்தையை வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். செய்ய வேண்டிய நேரத்தில் எனக்குத்தான் தோன்றவில்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வாங்க வருகிறவரைப் பேசச் சொல்லி, அதை உடனே அவருக்கே போட்டுக் காட்டுவோம். தன் குரலைத் தானே கேட்ட மனுஷன் மெஷினைக் கீழே வைக்கமாட்டான். அதற்கென்று ஒரே ஒரு கேசட். ஒருவர் குரல்மேல் அடுத்தவர் குரல் ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் பலசரக்கு வாங்க வந்த என் அக்கா கடைக்குள் எட்டிப் பார்த்தாள். விளையாட்டாக மைக்கை நீட்டினேன். "என்னத்தலே பேச... ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா, உளுந்தங்கஞ்சி வைக்கேன். மறக்காதே, கேட்டோ." அவ்வளவுதான் பேசினாள். போட்டுக் காட்டியதும் வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் கழக்கூட்டம் என்ற ஊரிலிருந்து ஒருவர் மெஷின் பார்க்க வந்தார். ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அழுத்தினேன். அவர் "ஹலோ, ஹலோ" என்றார். மூன்றாவது வாரம் அக்கா காய்ச்சலில் படுத்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்து நாலு.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அத்தான் கடைக்கு வந்தார். அரசாங்க ஆபீசில் செக்‌ஷன் ஆபீசர். ஃபைலில் ஒரு கமா விட்டுப்போனால்கூடச் சோறு இறங்காத மனுஷர். கவுண்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மாப்ளே, உங்கக்கா சத்தம் இங்க எதுலயாவது கெடக்கா?"

"இல்ல அத்தான். எடுத்ததே இல்ல" என்றேன். அழித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அத்தான் தலையாட்டினார். "செரி. அப்போ நல்ல மெஷினா ஒண்ணு பாத்து எடு. ஆளில்லாத வீட்டுல சன்னமா ஒரு சத்தம் வந்தாலும் பிடிக்கணும்." வெளிநாட்டில் சிலர் இறந்தவர்களின் குரலை இப்படிப் பிடிக்கிறார்களாம், ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார். ஆவி என்ற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

குற்றமுள்ள நெஞ்சுக்கு வேலை செய்ய ஆசை அதிகம். கல்ஃபிலிருந்து வந்தவர்கள் விற்கக் கொடுத்த செட்டுகளை ஒவ்வொன்றாக அவர் வீட்டுக்குத் தூக்கிப்போனேன். முதல் செட்டில் மைக் உள்ளேயே இருந்தது. மோட்டார் இரைச்சலைத் தவிர எதுவும் பதியவில்லை. அடுத்தது சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ரகம். பாட்டுப் பிடிக்க அது வசதி. காலி அறையில் எதுவும் கிடைக்காமல் தவித்து, வெறும் மௌனத்தையே பெரிதாக்கி 'ஸ்ஸ்' என்று இரைந்தது. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது டேப்பின் இரைச்சல் என்று நான் விளக்கியபோது அவர் முகம் விழுந்ததை இன்றுவரை மறக்க முடியவில்லை. கடைசியில் அளவைக் கையால் திருப்பிவைக்கும் செட் ஒன்று அமைந்தது. தனி மைக், நீளமான வயர். மெஷின் அடுக்களையில், மைக் படுக்கையறையில் மடித்த துண்டின்மேல். பழைய கேசட்டில் பழைய குரல் மிச்சமிருந்து ஏமாற்றும் என்பதால் ஒவ்வொரு முறையும் உறை பிரிக்காத புதுக் கேசட். இதை நான்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, அக்கா காப்பி போடும் நேரத்துக்கு, மெஷினை ஓடவிடுவார். தெரிந்த சத்தம் எது வந்தாலும் உடனே டேப்பிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு கேட்கும்போது மயங்கிப்போவோம் என்பது அவர் வைத்த சட்டம். "இருமினது நான்தான்." "நாற்காலிய இழுத்தது நான்தான்." "அது பக்கத்து வீட்டுக் குக்கர்." இப்படியே ஆறு வருஷம் போயிற்று. அக்கா வரவில்லை.

அத்தான் காலமான பிறகு கேசட்டுகளெல்லாம் என்னிடம் வந்தன. ஒரு மழைநாளில் கேட்க உட்கார்ந்தேன். எல்லாவற்றிலும் அவர் குரல் மட்டுமே இருந்தது. முதல் வருஷத்துக் கேசட் ஒன்றில் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. "போனது மாப்ள" என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அதன்பின் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்: "நீ கடையில மைக்குல பேசினேன்னு அன்னைக்கு வந்து சிரிச்சுச் சொன்னியே. அவன் அத அழிச்சுட்டான் போல. எடுத்ததே இல்லங்கான். பாவம், சோறு தண்ணி இல்லாம மெஷின் தூக்கிட்டு அலையுதான். நானும் ஒண்ணும் கேக்கல. நீயும் அவன ஒண்ணும் சொல்லாதே."

நான் வாய்விட்டு அழுதேன். அன்றுதான் இந்தக் கேசட்டின் முதுகை உடைத்தேன்.

இப்போது என் பேரனின் கைப்பேசி கேட்காமலே எல்லாவற்றையும் சேமித்துவைக்கிறது. இதையும் அதில் ஏற்றித் தருகிறேன் என்கிறான், கொடுக்க மனமில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்குப் பழைய மெஷினில் போட்டுக் கேட்கிறேன். அத்தான் இருமுகிறார். "அது நான்தான்" என்கிறார். ஒரு இருமலைக்கூட மறைக்காத மனுஷர். "அழிச்சதும் நான்தான், அத்தான்" என்று நானும் சொல்கிறேன். டேப் அதுபாட்டுக்கு ஓடுகிறது. ரெக்கார்ட் பொத்தான் கீழே இறங்காது.