மதினி ‘ச்சு’ கொட்டிய இடங்கள்

எனக்குக் கொடுத்த கேள்வி ஒரே வரிதான். ‘இக்கட்டுரையில் ஆசிரியர் வாசகரை இணங்க வைக்கக் கையாளும் உத்திகளை ஆராய்க.’ அதோடு நாலு பக்க ஜெராக்ஸ். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லாரி புக்கிங் ஆபீஸில் மூட்டை அடுக்கப் போன ஒருவர், தானாகவே படித்துப் புத்தகம் எழுதும் அளவுக்கு வந்த கதையை அவரே சொல்லும் கட்டுரை. தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. தமிழ் இரண்டாம் வருடம் படிக்கும் நாங்கள் அதைப் படித்து, ஆறு பக்கத்துக்குக் குறையாமல் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண் சிரித்தாள். “இதுக்கெல்லாம் யாராச்சும் யோசிப்பாகளா? ஜெராக்ஸ் கடையில போன வருசத்துது கிடைக்குது. ஏழு உத்தி, ஏழு தலைப்பு. அப்படியே பாத்து எழுதிரு.”

நான் அதை வாங்கவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பயம். ஐம்பது பேர் ஒரே ஏழு தலைப்பை எழுதினால் திருத்துபவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்களா என்ற பயம். அவர்களுக்கு அது தெரியும், தெரிந்துதான் மார்க் போடுகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எங்களுக்கு நேரடி வகுப்பு. ஒத்தக்கடையிலிருந்து பஸ் பிடித்து மாட்டுத்தாவணி போய், அங்கிருந்து இன்னொரு பஸ். என் கணவருக்கு டைல்ஸ் ஷோரூமில் வேலை. ஊரே வீடு கட்டுவதால் ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம் அதிகம், லீவு கிடைக்காது. அம்மா கொட்டாம்பட்டியில் மாடுகளை விட்டுவிட்டு வர முடியாது. எனவே மூன்று வயதாகப் போகும் என் மகளை, இரண்டு தெரு தள்ளியிருக்கும் மதினியிடம் விட்டுவிட்டுப் போவேன். மதினி என் கணவருக்கு அக்கா. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். மகளுக்கு மூச்சிழுப்பு வந்ததால் ஏற்கெனவே மூன்று வகுப்புகள் போகவில்லை. மிச்சம் இரண்டு வகுப்புகள்தான். அதில் ஒன்று தவறினாலும் பரீட்சை எழுத விட மாட்டார்கள். ஒரு வருடம் போய்விடும். அதன் பிறகு மறுபடி படிக்க வீட்டில் சம்மதம் வாங்க என்னால் முடியுமா என்று எனக்கே சந்தேகம்.

புதன்கிழமை மதியம் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். தையல் மிஷின் சத்தத்தில் மகள் நன்றாகத் தூங்குவாள். ஒரு கட்டுரை ஆளை எப்படி இழுக்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஓர் ஆளுக்கு வாசித்துக் காட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பாடப் புத்தகத்தில் எங்கும் இல்லாத யோசனை. அதனாலேயே எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

“மதினி, ஒண்ணு வாசிக்கிறேன், கேக்குறீங்களா?”

“வாசி. கையிக்குத்தான் வேல, காதுக்கு என்ன?” என்றார். அன்றைக்கு ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் ‘ச்சு’ கொட்டும் இடங்களில் பென்சிலால் ஒரு டிக். சிரிக்கும் இடங்களில் ஒரு வட்டம். மொத்தம் பதினொரு டிக் விழுந்தது. தன்னைத் தாழ்த்திச் சொல்லித்தான் கட்டுரையாளர் தொடங்குகிறார்: ‘முதல் நாள் ஒரு பார்சலைத் தலைகீழாக அடுக்கினேன். ஆங்கில எழுத்தில் மேல் பக்கம் எது என்று தெரியாத முட்டாள் நான்.’ அங்கே முதல் டிக். பிறகு பழைய பேப்பர் கடையில் ஓர் ஆங்கில அகராதி வாங்குகிறார். கடைசி நூறு பக்கம் இல்லாத அகராதி. ‘அதனால் எஸ் என்ற எழுத்துக்குப் பின்னால் ஆங்கிலம் இருப்பதே பல வருடம் எனக்குத் தெரியாது’ என்கிறார்.

மதினி குலுங்கிச் சிரித்தார். “பாவம், யாரும் முழுசா இருக்குறதப் பாத்து வாங்கிக் குடுக்கல போல.”

அதற்கு ஒரு வட்டம். அந்த வட்டத்தை அடுத்து வரும் பத்தியில்தான் கட்டுரையாளருடைய அப்பா இறந்துபோகிறார். சிரிக்க வைத்து, சிரிப்பு அடங்குவதற்குள் அழ வைக்கிறார். மதினி ஊசியை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு தடவை ‘ச்சு’ கொட்டினார். ‘எனக்கு ஆசிரியர் இல்லை’ என்ற வாக்கியம் கட்டுரையில் நாலு இடத்தில் வருகிறது. கடைசி வரி வாசகரைப் பார்த்துக் கேட்பது: ‘ஆசிரியரும் வகுப்பறையும் இல்லாமல் என்னால் முடிந்தது. உங்களால் முடியாதா?’

மதினியின் கை நின்றது. “நல்லாத்தேன் கேக்குறாரு” என்றார்.

அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன். அசைன்மென்ட் முடிந்த மாதிரி சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தபடியே சொன்னார். “அக்கா வீட்டுப் பக்கம் போயிட்டுத்தான் வாரேன். அது ஒண்ணு கேட்டுச்சு.”

“என்ன?”

“யாரோ ஒருத்தர் வாத்தியாரே இல்லாம படிச்சுப் பெரிய ஆளானாராமுல்ல. நீயும் வீட்ல இருந்தே படிச்சுக்கலாமே, ஞாயித்துக்கெழம போறது அவசியமான்னு கேக்குது.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

“அட்டெண்டன்ஸ் இருக்குங்க.”

“அதச் சொன்னேன். ‘அந்தாளுக்கு எந்த அட்டெண்டன்ஸ் இருந்துச்சு’ங்குது. நான் என்னத்தச் சொல்ல? நீதான வாசிச்சுக் காட்டுன?”

ஆமாம், நான்தான். நிறுத்தி நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு, அழ வேண்டிய இடத்தில் குரலைக் குறைத்து வாசித்திருந்தேன். எனக்கு எதிராக ஒருவரை இணங்க வைக்க நானே பாடுபட்டிருக்கிறேன். வேறு யாருக்காவது இப்படி நடக்குமா?

கட்டுரையை எடுத்து மறுபடி படித்தேன். இந்தத் தடவை கோபத்தோடு. கோபம் வந்தால் கண் நன்றாகத் தெரிகிறது. இரண்டாம் பக்கத்தில் ஓர் இடம்: ‘மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் உண்டு மறு கையால் பக்கம் புரட்டுவேன்.’ அந்தப் பொட்டலத்தைக் கட்டியது யார்? நாலு பக்கத்திலும் தேடினேன். ஒருவரும் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. ஒருவரும் துணி துவைக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில், ‘மணமாகி மூன்று பிள்ளைகள் பிறந்த பின்னும் என் வாசிப்பு ஒருநாளும் தடைபடவில்லை’ என்று ஒரு வரி. தடைபடாமல் பார்த்துக்கொண்டவரைப் பற்றி அதற்குமேல் ஒன்றுமில்லை.

கணவரிடம் காட்டினேன். “பாத்தீங்களா? மூணு புள்ள. யாரு பாத்தது?”

“அப்ப அவரு பொய் சொல்றாருங்கிறியா?”

“பொய்யில்ல. சொல்லாம விட்டுட்டாரு.”

“நாலு பக்கத்துல அம்புட்டையும் எழுத முடியுமா? அவரு படிச்சதச் சொல்ல வந்தாரு, அதச் சொல்லிருக்காரு. நீ எதுக்கு அந்தாளு மேல பாயுற?”

இது நியாயமான கேள்விதான். அதனாலேயே இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை மகள் தூங்கிய நேரத்தில் உட்கார்ந்து ஐந்து பக்கம் எழுதினேன். சொல்லாமல் விடுவதுதான் இந்தக் கட்டுரையின் பெரிய உத்தி, தனியாக நின்றவராகத் தெரிய வேண்டுமென்றால் சுற்றி நின்றவர்களை அழிக்க வேண்டும் என்று எழுதினேன். பிறகு அதையே எடுத்துக்கொண்டு மதினியிடம் போனேன். மறுநாள் வகுப்பு. அவர் மனது மாற வேண்டும்.

வாசித்தேன். மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து காஜா நூல் கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை ஒரு ‘ச்சு’ கூட விழவில்லை. பேப்பரை மடக்கிவிட்டு வாயாலேயே சொல்லத் தொடங்கினேன். “எனக்கு ஒண்ணுமே தெரியாது மதினி. நான் ஒரு மக்கு. மூணு வகுப்பு போகாம எல்லாத்தையும் விட்டுட்டு நிக்கிறேன்…”

“ஏத்தா, நீயும் அந்தாளு மாதிரியே ஆரம்பிக்கிறியே” என்றார்.

எனக்குக் காது சுட்டது. அடுத்து மகளின் இழுப்பைச் சொல்ல நினைத்திருந்தேன். அதுவும் கட்டுரையில் அப்பா செத்த இடம் மாதிரிதான். சொல்லவில்லை.

மதினி நூல் கண்டைப் பிடுங்கி மேலே வைத்தார். “இந்தா பாரு தாயி. அவரு பொஞ்சாதி சோறு கட்டிக் குடுத்தா என்ன, குடுக்காட்டி எனக்கென்ன? ஆறு நாளும் எனக்கு மிசின்ல காலு. வீட்டுக்காரரு லாரியில போயிருவாரு. ஞாயித்துக்கெழம தலைக்கு ஊத்திட்டு மதியம் வரைக்கும் படுத்துக் கெடக்கணும். அம்புட்டுத்தேன்.”

“இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?”

“எப்படிச் சொல்றது? தம்பி புள்ளயப் பாக்க மாட்டேன்னு ஒருத்தி வாய்விட்டுச் சொல்லுவாளா? நீயா ஒரு காயிதத்தக் கொண்டாந்து வாசிச்ச. எனக்குத் தோதா இருந்துச்சு, புடிச்சுக்கிட்டேன்.”

வீட்டுக்கு வந்து ஆறாம் பக்கத்தை எழுதினேன். ஒரு கட்டுரை எத்தனை உத்தி வைத்திருந்தாலும், கேட்பவர் ஏற்கெனவே களைத்துப் போய் எங்கே உட்காரலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் அது பலிக்கிறது. இந்தக் கட்டுரைக்கு அப்படி ஒருவர் என் குடும்பத்திலேயே கிடைத்தார் என்று, மதினி ‘ச்சு’ கொட்டிய இடங்களையும் அவர் சொன்னதையும் சேர்த்து எழுதினேன். எழுதி முடித்ததும் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். வேறு பேப்பர் மார்ஜின் போட்டுத் தயாராக இல்லை. அப்படியே வைத்துவிட்டேன்.

மறுநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பையில் இழுப்புக்கான பம்ப், மாற்றுத் துணி, பிஸ்கட், ஆறு பக்க அசைன்மென்ட். வாசலில் ஆசிரியர் தயங்கினார். “குழந்தைய வச்சுக்கிட்டு எப்படிம்மா?” நான் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் அவள் அழத் தொடங்கினாள். மிச்ச நேரம் வராண்டாவில் நடந்துகொண்டே ஜன்னல் வழியாகக் கேட்டதுதான் பாடம். கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள், அந்தச் சுண்ணாம்புத் தூசியை அவள் மூச்சில் ஏற்றுகிறேனே என்று ஒவ்வொரு நடைக்கும் நினைத்தேன். திரும்பிப் போகவும் இல்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே.

அன்றைக்கு அசைன்மென்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். இருபத்தைந்துக்குப் பதின்மூன்று. சிவப்பு மையில் இரண்டு வரி: ‘உத்திகளைத் தலைப்பிட்டுப் பிரிக்கவும். சொந்தக் கதை தேவையில்லை.’ பக்கத்துப் பெண்ணுக்கு இருபத்தொன்று. அவள் என் பேப்பரை எட்டிப் பார்த்து, “நாந்தேன் அப்பவே சொன்னேன்ல” என்றாள். ஒருவர் தன் சொந்தக் கதையைச் சொல்லி எழுதிய கட்டுரையைப் பற்றித்தான் கேள்வி. அதற்கு என் சொந்தக் கதை தேவையில்லையாம். ஒருவேளை திருத்தியவர் சொல்வதுதான் சரியோ, தலைப்பாவது போட்டிருக்கலாமோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஏழு தலைப்புகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் மதினி வந்தார். வாசலிலேயே சத்தம். “ரெண்டு வாரமாப் பாக்குறேன், மாடியில தல காய வச்சுக்கிட்டு நிக்கையில நீ புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடுற. நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“நீங்கதான மதினி தூங்கணும்னு சொன்னீங்க?”

“சொன்னேன். அதுக்குக் கேக்கக் கூடாதா? கேளு. முடியாதுன்னு சொல்லுவேன். அது என் பாடு. கேக்காமப் போனா தெருவுல என்னைத்தான பேசுவாக?”

எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. மகள் அதற்குள் அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அடுத்த மாசம் பரீட்சை இருக்கு மதினி. மூணு நாளு” என்றேன்.

“முடியாது” என்றார். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்து, அவள் மூக்கை முந்தானையால் துடைத்தார். “என்னென்னைக்கு?”