தோடம்பழ அளவில் ஒரு தொப்பி

இந்த முறை நூலகத்தில் எடுத்த துப்பறியும் நாவலில், கொலைகாரனின் பெயர் முதன்முதலில் வரும் இடத்திலேயே யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலால் கோடு இழுத்து வைத்திருக்கிறான். ஆள் யாரென்று எனக்குத் தெரியும். எனக்கு முன் அதை எடுத்துப் போனவர் பின் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாற்காரர். வழியில் கண்டால், "கதை எப்பிடிப் போகுது பிள்ள?" என்று கேட்டுச் சிரிக்கிறார். சும்மா சிரிக்கிற மனிதர் இல்லை அவர்.

நான் அப்படித்தான். சங்கக் கடையில் தராசுக்குப் பின்னால் நின்று காலத்தைப் போக்கியவளுக்கு யாரையும் லேசில் நம்ப வராது. செட்டிபாளையத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டு பக்கக் காற்று வந்தும் புழுக்கம் போகாத ஊரில், கம்பளி நூலும் ஊசியுமாக உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துச் சனம் சிரிக்கிறது. சிரிக்கட்டும். வேலையை விட்ட பிறகு யூடியூப் பார்த்துப் பழகியது. இப்போது கையில் இருப்பது சாம்பல் நிறச் சால்வை, கனடாவில் இருக்கும் மகளுக்கு. புத்தகத்தை எதிரே விரித்து, பக்கம் மூடாமல் பாக்குவெட்டியை மேலே வைத்துவிட்டால், பின்னிக்கொண்டே வாசிக்கலாம்.

சால்வை இன்னும் முடியாமல் கிடப்பதற்குக் காரணம் அந்தத் தொப்பி.

மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதால் இந்த முறை அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று ஒரு துணி தைக்கமாட்டோம், வாங்கவும் மாட்டோம். ஆசையில் நான் வாங்கிவந்த மஞ்சள் பருத்தி நூலைப் போனில் காட்டியதும் சீறி விழுந்தாள். "அம்மா, ஆணையாச் சொல்றன். பிள்ளை வந்து சேருமட்டும் அதில ஊசி வைக்கக்கூடாது." நூலை அலுமாரிக்குள் போட்டேன். பிள்ளை சுகமாகப் பிறந்தால் பூவும் பழமும் பாக்கும் வைத்து மடைப்பெட்டி கொண்டுவருவதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, பின்னேரம் தோறும் கோயிலுக்குப் போய்வந்தேன்.

அப்படியிருக்க, ஒருநாள் மருமகன் போன் எடுத்தார்.

"மாமி, என்ட மச்சான் செங்கலடிக்கு வந்து நிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கனடாவுக்குத் திரும்பி வாறார். அவரிட்ட பிள்ளைக்கு ஒரு தொப்பி பின்னிக் குடுத்துவிடுவீங்களா?"

"பிறக்கிறதுக்கு முதலோ? அவள் என்னைக் கொல்லாம விடமாட்டாள்."

"அவதான் கேட்டவ, மாமி."

"என்ன அளவு?"

"ஒரு தோடம்பழம் போற அளவு. நூல் மெதுவா இருக்கோணும்."

"அவளிட்டப் போனைக் குடுங்க மகன்."

"களைச்சுப்போய்ப் படுத்திருக்கா மாமி."

போனை வைத்ததும் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. ஒரு கிழமையாகவே மகள் முகம் காட்டவில்லை. கமரா பழுதாம். பேசும்போது பின்னால் ஏதோ பீப் பீப் என்று கத்தும். கேட்டால் சமையலறை அடுப்பாம். எந்த அடுப்பு நாள் முழுக்கக் கத்தும்? என் சந்தேகம் நேரே மருமகன் மேல் போனது. சண்டை பிடித்திருக்கிறான். அடித்திருப்பான். முகத்தில் காயம், அதுதான் காட்டுகிறாளில்லை.

வயல் வட்டையால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்த இவரிடம் சொன்னேன். "அந்தக் கதைப் புத்தகங்களை வாசிச்சு வாசிச்சு உனக்கு மூளை பழுதாப் போச்சு. ஒரு நாளைக்கு என்னையும் கொலைகாரன் எண்டுவாய்" என்றார்.

"உங்களில எனக்கு எப்பவோ சந்தேகம்" என்றேன்.

மஞ்சள் நூலை வெளியே எடுத்துப் பின்னத் தொடங்கினேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "ஆருக்குக் கா இது? பொம்மைக்கா?" வயிற்றுப் பிள்ளைக்கு என்று சொன்னால் ஊர் முழுக்க ஒப்பாரி வைத்துவிடுவாள். பாசிக்குடா ஹோட்டலில் வெள்ளைக்காரரின் அவித்த முட்டைக்குப் போடும் மூடி என்று அளந்துவிட்டேன். "முட்டைக்கும் குளிருமா கா?" என்று வாயைப் பிளந்துகொண்டு போனாள்.

சின்ன வேலைதான், ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டது. அளவு பார்க்க, கைக்குள் அடங்கும் ஒரு தோடம்பழத்தில் மாட்டினேன். கச்சிதமாக இருந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் கணக்கு உதைத்தது. நான் ஒன்றைப் பெற்று வளர்த்தவள். பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையின் தலை உரித்த தேங்காய் அளவு இருக்கும். இந்தத் தொப்பி அதில் பாதிக்கும் ஏறாது. பிறக்குமுன் எதையும் தொடாதே என்று ஆணையிட்டவள் இப்போது தொப்பி கேட்கிறாள் என்றால், பிள்ளை பிறந்துவிட்டது. குறைமாதத்தில் பிறந்து, எங்கோ ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. கத்துவது அந்த மெசின்.

முதலில் வந்தது கோபம்தான். பெற்ற தாயிடம் மறைக்கிறாளே! உடனே எடுத்து நாலு கேள்வி கேட்கப் போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் அவளே எடுத்தாள். எடுத்ததும் தினம் கேட்கிற அதே கேள்வி. "கோயிலுக்குப் போனீங்களா அம்மா?"

வாய்வரை வந்த கேள்வி அப்படியே நின்றது. எங்கள் மட்டக்களப்பில் பிள்ளைக்குத் தாயின் குடிவழிதான். மகளின் பிள்ளை என் குடி, பிறந்த துடக்குத் தீட்டும் எனக்குத்தான். பிள்ளை பிறந்தது காதில் விழுந்த நேரத்திலிருந்து முப்பத்தொரு நாள் கழியும்வரை கோயில் வாசலை மிதிக்க முடியாது. அவள் சொன்னால் நான் கோயிலுக்குப் போகமாட்டேன். அந்தப் பச்சைமண் உயிருக்குப் போராடும் நேரத்தில் அதற்காக அம்மனிடம் போய் நிற்க ஒருத்தி வேண்டும் என்றுதான் என் பிள்ளை எல்லாவற்றையும் தன் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு தனியே கிடந்து வேகிறாள்.

"போனன்" என்றேன்.

"அம்மா... நான் உங்களிட்ட ஒண்டு சொல்லோணும்." குரல் உடைந்துவிட்டது.

"சொல்லாத!" நான் போட்ட சத்தத்தில் முற்றத்தில் நின்ற இவர் திரும்பிப் பார்த்தார். "ஒண்டும் சொல்லாத கிளி. எனக்கு ஒண்டும் தெரியாது, நான் ஒண்டும் கேட்கவுமில்ல. தொப்பி முடிஞ்சுது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, நான் கோயிலுக்குப் போகோணும்."

அந்தப் பக்கம் விம்மி அழுதாள். போனை வைக்காமல் அழுது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மச்சான்காரர் வந்து தொப்பியை வாங்கிப் போனார். இவரிடம்கூட நான் மூச்சு விடவில்லை, அவருக்கு வாய் நிற்காது. பின்னேரம் தோறும் போய் அம்மனுக்கு முன்னால் நின்றேன். "எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல தாயே, நீயும் சொல்லாத, பிள்ளைய மட்டும் பார்" என்று சண்டை பிடித்தேன். வீட்டில் போன் அடித்தால் எடுக்கப் பயந்து இவரை எடுக்கச் சொல்வேன். புத்தகத்தில் ஒரு பக்கம் ஓடவில்லை.

நேற்றுக் காலையும் போன் அடித்தது. இவர் வயலுக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் நானே எடுத்தேன்.

"அம்மா, கோயிலுக்குப் போனீங்களா?"

"போனன்."

"அந்தத் தொப்பி இப்ப இறுக்குதும்மா. இன்னும் கொஞ்சம் பெருசா ஒண்டு பின்னுங்க."