படுக்கக் கூடாத செட்டு

வண்டிப்பெரியாரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பைக்கில் ரோந்து போவது என் வேலை. தொப்பி, லத்தி எல்லாம் உண்டு. திருடனைப் பார்த்தால் ஓடுவதற்கு வசதியாக நல்ல ஷூவும் கொடுத்திருந்தார்கள். இவற்றோடு போன வருஷம் டிஜிட்டல் வாக்கி டாக்கி ஒன்றும் சேர்ந்தது. மலைச்சரிவில் செல்போன் எடுக்காது. தனியாகப் போகிறவனுக்கு என்ன ஆனாலும் யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இந்தச் செட்டு. இடுப்பில் நிமிர்ந்து இருக்கும்வரை சும்மா இருக்கும். அரை நிமிஷம் படுத்தபடி கிடந்தால், ஆள் விழுந்துவிட்டான் என்று தானே முடிவு செய்து அலறும். கிடக்கும் இடத்தையும் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிடும்.

விழுந்தவனுக்கும், சாப்பிட்டுவிட்டுச் சற்றே சாய்ந்தவனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. முதல் வாரமே மத்தியானம் ஒரு பாறையில் கண்ணசந்தேன். செட்டு அலறியது எனக்குக் கேட்கவில்லை; என் தூக்கம் அத்தனை நேர்மையானது. விழித்தபோது சூப்பர்வைசரும் டிரைவரும் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். "மயக்கம்" என்றேன். ஒரு பாட்டில் குளூக்கோஸ் தண்ணீரைக் குடிக்கவைத்துவிட்டுத்தான் போனார்கள்.

மறுநாளே வழி கண்டுபிடித்தேன். செட்டைக் கழற்றி, அதே பாறையை ஒட்டிய சில்வர் ஓக் மரக்கிளையில் நிமிர்த்தித் தொங்கவிட்டேன். எனக்குப் பதிலாக அது டூட்டி பார்த்தது, நான் படுத்தேன். கண்ட்ரோல் ரூமில் இருக்கும் பெண், என்னைவிட இளையவள், வாய் மட்டும் மூத்தது, "இப்பல்லாம் அலாரமே வர்றதில்ல, உக்காரவே மாட்டீங்களாண்ணே?" என்று ஒருநாள் மெச்சக்கூடச் செய்தாள்.

பிறகொரு மத்தியானம் விழித்துப் பார்த்தால், பத்தடி தள்ளி ஒரு காட்டுமாடு. எழுந்து ஓடியவன் மழைத்தண்ணீர் போகும் கானுக்குள் விழுந்தேன். கணுக்கால் மடங்கிவிட்டது, எழ முடியவில்லை. மாடும் நகரவில்லை. மரத்தில் செட்டு கம்பீரமாக நிமிர்ந்து, எனக்கு ஒரு குறையுமில்லை என்று சாதித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, கேக்குதா?" என்றது மரம்.

கத்தினேன். பட்டனை அழுத்தாமல் கத்தினால் மாட்டுக்குத்தான் கேட்கும். அது திரும்பிப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"சரிண்ணே, வேலையா இருக்கீங்க போல."

நல்லவேளை, கொழுந்து எடை போட்டுவிட்டுத் திரும்பிய ஒரு அக்கா மேல்பாதையில் வந்தார். "யாருய்யா அது, செக்கூரிட்டியா? காட்டுமாடு நிக்கிதுய்யா!"

"தெரியும்க்கா. கால் போச்சு. உங்க பக்கத்து மரத்துல செட்டு தொங்குது பாருங்க, எடுங்க."

"இதுல எப்படிப் பேசறது?"

எந்தப் பட்டன் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் மாட்டுக்கே புரிந்துவிடும். "பேச வேணாம். பாறையில படுக்கப் போடுங்க."

"கானுக்குள்ள கெடக்குறது நீ, செட்டப் படுக்கப் போடச் சொல்றியே! மண்டையில அடியா?"

"போடுங்கக்கா, கும்புடுறேன்."

போட்டார். அரை நிமிஷம் கழித்து அது அலறிய அலறலில் மாடு காட்டுக்குள் இறங்கிவிட்டது. ஜீப் வந்தது. சூப்பர்வைசரும் டிரைவருமாக என்னைத் தூக்கி உட்காரவைத்தபோது செட்டு கேட்டது:

"அண்ணே, செட்டு பாறையில கெடக்கு, நீங்க கானுல கெடக்கீங்கன்னு சொல்றாங்க. ரெண்டு பேரும் தனித்தனியாவா விழுந்தீங்க?"

சூப்பர்வைசர் பட்டனை அழுத்தி, செட்டை என் வாயருகே நீட்டினார்.

"மயக்கம்" என்றேன்.

"ஆமா சார்," என்றார் அக்கா, உண்மையான இரக்கத்தோடு. "தெனமும் இந்நேரத்துக்கு இதே பாறையில மயங்கித்தான் கெடக்கும், பாவம்."

சூப்பர்வைசர் பட்டனிலிருந்து இன்னும் விரலை எடுத்திருக்கவில்லை.